பார்த்தால்தான் வரைவார்

படக்காரக்கா ஒருவரைப் பார்க்கத் தொடங்கினால், பார்க்கப்படுகிறவருக்குக் கூச்சம் வந்துவிடும். சிலருக்குக் கோபமே வரும். மஸ்கெலியா பஸ் நிலையத்தில் கச்சான் கடலை விற்கும் அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "என்னாங்க, என் மூஞ்சில ஏதாச்சும் ஒட்டியிருக்கா?" என்று கேட்டேவிட்டார். காது அழகாக இருக்கிறது, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்கள் என்றார் இவர். கடலைக்கார அம்மா மறுபேச்சில்லாமல் திரும்பினார். அதுதான் எனக்கு ஆச்சரியம். அதையே நான் சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார்.

அவருக்கு ஒரு பேர் இருந்தது. ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் படக்காரக்கா. என் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் பல வருஷம் இருந்தார். இப்போது லிந்துலைப் பக்கம் தங்கச்சி குடும்பத்தோடு போய்விட்டார். நல்லபடியாக இருக்கிறார், அங்கேயும் யாரையாவது முறைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

எனக்கு மஸ்கெலியா கடைத்தெருவில் பிரேம் கடை. சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம், இந்த மூன்றுக்கும் சட்டம் போட்டுக் கொடுப்பேன். உள்ளதைச் சொன்னால் மூன்றாவதில்தான் அடுப்பு எரிகிறது. எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால், கருமாதிக்குள் அவர் முகம் பெரிதாகி, சட்டத்துக்குள் புகுந்து, சுவரில் ஏறி, மாலையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அடையாள அட்டையில் இருக்கும் சின்னப் படத்தை ஹட்டன் ஸ்டூடியோவில் பெரிதாக்குவார்கள். அங்கேயே முகத்துக்குக் கொஞ்சம் வெள்ளை ஏற்றுவார்கள். ஆயுசில் கோட்டைத் தொட்டுப் பார்க்காத ஆளுக்குக் கோட்டும் டையும் வந்துவிடும். அப்படி வந்த படத்துக்குச் சட்டம் போட்டு, வீட்டுக்காரர் வந்து எடுத்துப்போகும்வரை கடையின் முன்கண்ணாடிக்குள் வைப்பேன். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "ஐயோ, இவரு போயிட்டாரா" என்று உச்சுக்கொட்டிக்கொண்டு போவார்கள். பேப்பர் பார்க்காதவர்கள்கூட என் கடைக் கண்ணாடியைப் பார்க்காமல் போகமாட்டார்கள்.

அந்த மாதிரி ஒரு கடைக்கு மேலேதான் அவர் வந்து உட்கார்ந்தார். படம் வரைகிறவர் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். மேலே வரைந்து கீழே சட்டம் போட்டால் ஹட்டனுக்கு அலைய வேண்டாமே என்று மனக்கணக்குப் போட்டேன். வந்த முதல் வாரமே ஒரு செத்தவர் படத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். இவரை எனக்குத் தெரியாதே, நான் பார்த்ததே இல்லையே என்றார். அதுதான் படம் இருக்கிறதே, அதைப் பார்த்து வரையுங்கள் என்றேன். "படத்தப் பாத்துட்டேங்க. ஆளப் பாக்கலியே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் படியிறங்கி வந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தப் பிடிவாதம் எங்கேயிருந்து வந்தது என்பது பிறகு மெல்லமெல்லத் தெரிந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்தவர்தான். சின்ன வயசிலேயே கொழும்புக்குப் போய், ஹோட்டல்களுக்கும் வெள்ளைக்காரர்கள் வாங்கும் கடைகளுக்கும் படம் வரைந்து அனுப்பும் ஒரு பட்டறையில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே ஆளுக்கு ஒரு படம் பிரித்துக் கொடுப்பார்களாம். ஒருவர் யானை மட்டும் வரைவார். ஒருவர் கடற்கரையும் தென்னையும். நம் ஆள் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதால், கொழுந்து பறிக்கும் பெண்ணை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். சிவப்புச் சேலை, முதுகில் பிரம்புக் கூடை, விரல் நுனியில் ரெண்டு இலை, வாய் நிறையச் சிரிப்பு. விடிந்தால் அவள், பொழுது போனால் அவள்.

அதைப் பற்றிச் சொல்லும்போது அவர் கோபப்பட்டதே இல்லை. ஏதோ பழைய வீட்டைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார். "அந்தப் பொம்பளைக்கு வெத்தலக் கறை இல்ல. நெத்தியில கயித்துத் தடம் இல்ல. கால்ல அட்டக்கடி இல்ல. எங்கம்மா பக்கத்துல கொண்டுபோய் நிப்பாட்டுனா, யாருடி இவள்னு எங்கம்மாவே கேப்பாங்க. ஒருநாளு கண்ண மூடிக்கிட்டே அவள வரைஞ்சுட்டேன். நல்லா வந்துருச்சு. அன்னைக்கே பயந்துபோயி பெட்டியக் கட்டிட்டேன்."

நன்றாக வந்தால் யாராவது பயப்படுவார்களா என்று நான் கேட்டேன். கண்ணைத் திறந்து பார்க்காமலே வருகிறது என்றால் அப்புறம் கண் எதற்கு என்றார். எனக்கு அந்த வயசில் அது விளங்கவில்லை. விளங்கினதுபோல் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

இதைக் கேட்டுவிட்டு, சம்பாதிக்கத் தெரியாத ஆள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைப் பெயர்ப் பலகை, பஸ்ஸின் பின்பக்கம் எழுதும் வாசகம், திருவிழா அறிவித்தல், பள்ளிக்கூடச் சுவரில் வாய்ப்பாடு, எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் அச்சுப்போல விழும். முட்டைக்கடைக்காரர் தன் பெயருக்கு முன்னால் போடச் சொன்ன பட்டமெல்லாம் பொய் என்று ஊருக்கே தெரியும். அதையும் சிரித்துக்கொண்டே எழுதினார். இதில் மட்டும் பொய் பரவாயில்லையா என்று மடக்கினேன். "எழுத்துக்கு மூஞ்சி இல்லீங்க. யாரு சொன்னாலும் எழுதலாம்" என்றார். வயிற்றுக்கு எழுத்து, மற்றதுக்குப் படம் என்று பாகம் பிரித்து வைத்திருந்தார். அதில் அவருக்குக் குழப்பமே கிடையாது. குழப்பமெல்லாம் எனக்குத்தான்.

ஒருமுறை தோட்டத்துக் கோயில்காரர்கள் மாரியம்மன் படம் வரையக் கூப்பிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இன்றைக்கு அக்கா மாட்டினார், அம்மனை எங்கே போய்ப் பார்க்கப் போகிறார் என்று நானும் கூடவே போனேன். கோயில் தலைவர் என்னைவிடக் குறும்புக்காரர். பார்த்தால்தான் வரைவீர்களாமே, அம்மாளைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். "பாத்திருக்கேங்க. எத்தனையோ வாட்டி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தூரிகையை எடுத்தார். முகம் கும்பிடத் தோன்றுகிற முகம், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் பாதத்துக்கு வந்தபோது பார்த்தால், குதிகால் வெடித்திருந்தது. பெருவிரல் நகத்தில் சேறு. தலைவர் பதறிப்போய், அம்மாளுக்கு எப்படிம்மா கால் வெடிக்கும், மாற்றுங்கள் என்றார். இவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்தப் பாதத்தின் மேலே செவ்வந்திப் பூவாகக் குவித்து வரைந்துவிட்டார். வரும் வழியில் நான் கிண்டல் செய்தேன், விட்டுக்கொடுத்துவிட்டீர்களே என்று. மறைக்கலாம், மாற்றக் கூடாது என்று மட்டும் சொன்னார். அந்தப் பூவுக்குக் கீழே இன்றைக்கும் வெடித்த கால்தான் இருக்கிறது. தலைவருக்கு அது போதுமாக இருந்தது.

எல்லா நேரமும் அவர் பக்கம்தான் நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஒருநாள் கொழும்பில் கடை வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். செத்துப்போன அவருடைய அம்மாவை இவருக்கு நன்றாகத் தெரியும், பக்கத்து லயம். ஆகவே வரைய ஒப்புக்கொண்டார். வந்தவர், அம்மா கழுத்தில் ஒரு அட்டியல் போட்டு வரையச் சொன்னார். அம்மாவிடம் அட்டியல் இருந்ததா என்று இவர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு அந்த ஆள் தரையைப் பார்த்தார். "வாங்கித் தர்றேன் வாங்கித் தர்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேங்க. படத்துலயாச்சும் போட்டுப் பாக்கிறேனே" என்றார். போட்டுத் தொலைத்தால் என்ன என்று மனசுக்குள் கத்தினேன்.

அக்கா அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தனுப்பினால் அப்படியே ஆறிப்போய்க் கீழே வந்தது. மறுநாள் அவரைக் கூப்பிட்டு, அட்டியல் உங்கள் ஆசை, உங்கள் அம்மாவுடையது இல்லை, அந்த ஆசை தப்பும் இல்லை, ஸ்டூடியோவில் அழகாகப் போட்டுத் தருவார்கள், அங்கேயே செய்யுங்கள் என்றார். எந்த நிறச் சேலைக்கு எந்த அட்டியல் எடுப்பாக இருக்கும் என்றுகூடச் சொல்லி அனுப்பினார். ஹட்டனிலிருந்து படம் வந்தது. நான்தான் சட்டம் போட்டேன். அந்த மகன் அதைப் பார்த்து அழுத அழுகையை என்னால் மறக்க முடியாது. இதில் யார் சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அக்காவிடம் கேட்டபோது, தனக்கும் தெரியாது என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வியாபாரம் படுத்துவிட்டது. எல்லாரும் ஃபோனில் படம் எடுத்து, பிளாஸ்டிக் துணியில் ஆளுயரத்துக்கு அச்சடித்து, வாசலில் கட்டத் தொடங்கினார்கள். சட்டம் யாருக்கு வேண்டும்? எதிர்க்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம், ஃபோன் பழுதுபார்க்கிறவர், அவருக்கோ நிற்க நேரமில்லாத வேலை. என் மாடியைத் தனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டார். மரியாதையான மனுசன், நச்சரிக்கமாட்டார், ஆனால் விடவும் மாட்டார். நானும் ஒருநாள் வாய்விட்டு அக்காவிடம் சொல்லிவிட்டேன். நாலு காசு வருகிற மாதிரி ஏதாவது நடந்தால் சரி, இல்லாவிட்டால் மாடியை நானாவுக்குத்தான் கொடுக்கவேண்டிவரும் என்று. அவர் கோபிக்கவில்லை. சரிங்க தம்பி என்றார். போகும்போது ஜன்னலை ஒருதரம் பார்த்தார். அந்த ஜன்னல் வழியாகக் காலை முழுக்கக் கண் கூசாத வெளிச்சம் வரும். அதற்காகத்தான் அந்த அறைக்கே வந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹோட்டல் வேலை வந்தது. நீர்த்தேக்கத்துப் பக்கம் ஒரு பழைய பங்களாவைப் புதுப்பித்து ஹோட்டலாக்கிக்கொண்டிருந்தார்கள். அறைக்கு அறை கையால் வரைந்த படம் வேண்டுமாம். மனேஜர் என் கடைக்கே வந்து விசாரித்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனுசன், பேசும்போதே சிரிப்பார். கொழுந்து பறிக்கும் பெண்ணை முதலில் ஒன்று வரைந்து காட்டுங்கள், பிடித்தால் எல்லா அறைக்கும் உங்களுக்கே என்றார். படம் அக்காவுக்கு, சட்டம் எனக்கு. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டு மாடிப்படி ஏறினேன்.

மாட்டேன் என்பார் என்று பயந்துகொண்டே சொன்னேன். சரி என்றார். எனக்கு நம்பவே முடியவில்லை. மறுநாளே பக்கத்துத் தோட்டத்து மலைக்குப் போய்விட்டார். அங்கே மருதாயி என்று ஒருவர் கொழுந்து பறிக்கிறார். பென்சன் வாங்கும் வயசாகியும் அன்றாடக் கூலியாகக் கைக்காசுக்கு வருகிறவர். அக்கா அவர் பின்னாலேயே திரிந்தார். மழை வந்தால் அவரோடு நனைந்தார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவர் வரிசையில் நிற்கும்போது எதிரே குந்திக்கொண்டு பார்த்தார். வரைந்து முடித்தாயிற்றா என்று நான் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான், இன்னும் பார்த்து முடியவில்லை. எனக்கு எரிச்சலாக வரும். காட்டிக்கொள்ளமாட்டேன்.

ஒருவழியாகப் படம் கீழே வந்தது. ஈரம் காய்ந்ததும் சட்டம் போட்டேன். உள்ளபடி சொல்கிறேன், அதைப் பார்த்ததும் கொஞ்சநேரம் எனக்கு ஹோட்டல் ஞாபகமே வரவில்லை. மருதாயி நிறுவைக்காக நிற்கிறார். முதுகில் கூடை இல்லை, நைலான் சாக்கு. இப்போதெல்லாம் அதுதானே? தலையிலிருந்து கயிறு இறங்குகிறது. இடுப்பில், ஈரம் படாமல் கட்டிக்கொள்ளும் படங்குத் துணி. சிரிப்பு இல்லை, அழுகையும் இல்லை. தன் முறை வரும்வரை காத்திருக்கிற ஒருத்தி, ஒரு காலில் பாரத்தை மாற்றி நிற்கிறாள். அவ்வளவுதான்.

சாயந்தரம் மனேஜர் வருவதாகச் சொல்லியிருந்தார். வந்ததும் கண்ணில் படட்டும் என்று காலையிலேயே படத்தைக் கடையின் முன்கண்ணாடிக்குள் எடுப்பாக வைத்தேன். அங்கே எந்தப் படம் வைத்தாலும் ஊர் என்ன நினைக்கும் என்பது அந்த நேரம் என் மண்டையில் உறைக்கவில்லை.

காலை பஸ்ஸில் போன யாரோ பார்த்துவிட்டார்கள். பஸ்ஸிலிருந்தே தோட்டத்துக்கு ஃபோன் பறந்தது. மருதாயி போய்விட்டார், பிரேம் கடையில் படமே வந்துவிட்டது. லயத்து வாசலில் இழவு வீட்டு வெள்ளைக்கொடி கட்டத் தொடங்கினார்கள். கொழும்பிலிருந்த மகன் வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறினார். அம்மா காலையில் நல்லபடியாகத்தானே வேலைக்குப் போனார் என்று யாரும் யோசிக்கவில்லை, கண்ணாடிக்குள் படம் வந்தபிறகு யோசிக்க என்ன இருக்கிறது? செய்தி மலைக்கும் ஏறியது. மருதாயி செத்துட்டாளாம் என்று கீழே இருந்து கத்தியிருக்கிறார்கள். மேலே பறித்துக்கொண்டிருந்த மருதாயி, தோட்டத்தின் கீழ் டிவிசனில் இருக்கும் இன்னொரு மருதாயியை நினைத்துக்கொண்டு, நல்ல மனுசியாச்சே என்று சாக்கை இறக்கிவைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார். தன் வீட்டு வாசலில் கொடியைப் பார்த்த பிறகுதான் சங்கதி விளங்கியிருக்கிறது.

பகல் சாய்ந்த நேரத்தில் கடை முன்னால் ஒரு பஸ் கூட்டம் இறங்கியது. முன்னால் மருதாயி. நேரே என்னிடம் வந்தார். வாயில் வெற்றிலை, கண்ணில் நெருப்பு. "உசுரோட இருக்கிறவள இப்படித் தொங்கவிட்டுருக்கியே, நீ நல்லா இருப்பியா? எம் மகன் அழுதுக்கிட்டு வந்துக்கிட்டு இருக்கான்." நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். அக்கா சத்தம் கேட்டு இறங்கி வந்தார். படம் வரைந்தது நான்தாங்க என்றார். மருதாயி அவரைத் திட்டப்போகிறவர்போலத் திரும்பினார். திரும்பியவர் கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கூட்டமும் அடங்கிவிட்டது.

"நிறுவைக்கு நிக்கிறப்ப இப்படியா நிக்கிறேன்? இடது கால் வலிக்கிறது வெளிய தெரியுதா?"

"தெரியுதுங்க."

"எம் மகனுக்குத் தெரியாதே," என்றார் மருதாயி. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. முந்தானையால் கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டார்.

சரியாக அந்த நேரத்தில் ஹோட்டல் மனேஜரின் வேன் வந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்து, படத்துக்குத்தான் இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். படத்தின் முன்னால் நின்று லஸ்ஸனய், லஸ்ஸனய் என்று மனதாரச் சொன்னார். அழகு என்றுதான் அர்த்தம். எனக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் மெதுவாகக் கேட்டார், கூடை எங்கே? சாக்கு வேண்டாமே. கொஞ்சம் சிரித்த முகமாக இருந்தால் விருந்தாளிகளுக்கு நன்றாக இருக்கும். மற்றதெல்லாம் இப்படியே இருக்கட்டும், இந்த இரண்டை மட்டும் மாற்றினால் நாளைக்கே வேலையைத் தொடங்கலாம் என்றார்.

அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் அக்காவிடம் சொன்னேன். சிரிப்பைத் தான் பார்க்கவில்லை என்று அக்கா தமிழில் சொன்னதை நான் சிங்களத்தில் வேறு மாதிரி, கொஞ்சம் நேரம் வேண்டுமாம் என்று சொன்னேன். அக்காவுக்கும் சிங்களம் தெரியும் என்பது அப்போது மறந்துவிட்டது. நான் அப்படிச் சொல்லவில்லையே என்று அவரே சிங்களத்தில் மனேஜரிடம் சொன்னார். அக்கா முன்னால் போய் ரெண்டு கையையும் கூப்பினேன். ஒரே ஒரு கூடைதானே அக்கா, ஒரே ஒரு சிரிப்புதானே என்று கெஞ்சினேன். மனேஜர் பக்கம் திரும்பி அவரையும் கும்பிட்டேன். மறுபடி அக்கா. மறுபடி மனேஜர். கும்பிட்ட கை இறங்கவே இல்லை.

அதைப் பார்த்த மருதாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னச் சிரிப்பு இல்லை. காலையில் செத்து, பகலில் தனக்குத்தானே அழுது, இப்போது பிரேம் கடைக்காரன் பொம்மை மாதிரி ரெண்டு பக்கமும் கும்பிடுகிறதைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது? இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாதிப் பல் இல்லை, மிச்சப் பல்லெல்லாம் வெற்றிலைச் சிவப்பு. கூட வந்த பெண்களும் சிரித்தார்கள். மனேஜரும் சிரித்தார். நான் மட்டும் கூப்பிய கையோடு நின்றேன்.

அக்கா அசையாமல் மருதாயியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனேஜரிடம், சிரிப்பை இப்போது பார்த்துவிட்டேன், வரைகிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். எனக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. மனேஜர் சந்தோஷமாகப் போனார். முதல் படத்தை மருதாயி கையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்காதான் எடுத்துப்போங்கள் என்றார். நான் தடுக்கவில்லை, ஹோட்டலே கைக்கு வந்துவிட்டதே.

அந்தக் கிழமை முழுவதும் மாடிக் கதவு சாத்தியே இருந்தது. நானா கேட்டபோது, பொறுங்கள், ஹோட்டல்காரர் வரட்டும் என்றேன். மனேஜர் வருகிற நாள் காலையில் அக்காவே கூப்பிட்டார், வந்து பாருங்கள் தம்பி என்று. பிரேம் அளவெடுக்க நாடாவோடு ஏறினேன்.

மருதாயி சிரித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அப்படிப்பட்ட சிரிப்பு. இல்லாத பல்லெல்லாம் அப்படியே இல்லாமல் இருந்தது, சாக்கை மலையிலேயே இறக்கிவைத்துவிட்டு வந்ததால் முதுகில் சாக்கும் இல்லை, கூடையும் இல்லை. அது போகட்டும், மனேஜர் நல்ல மனுசன், பேசிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம்தான் படத்தின் ஓரத்தைப் பார்த்தேன். கீழ்மூலையிலிருந்து ரெண்டு கை கூப்பியபடி உள்ளே நீண்டிருந்தது. விரலெல்லாம் கண்ணாடி வெட்டிய தழும்பு. நகத்து இடுக்கில் பசை காய்ந்திருந்தது. சட்டைக் கை முழங்கைவரை சுருட்டியிருந்தது. யாருடைய கை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னாக்கா இது? என் கைய எதுக்கு வரைஞ்சீங்க? ஹோட்டல்காரன் இத எப்படி மாட்டுவான்?"

"அவங்க அந்தக் கையப் பாத்துத்தானே தம்பி சிரிச்சாங்க? கைய எடுத்துட்டா, எதப் பாத்துச் சிரிக்கிறாங்க?"

அக்கா கோப்பையை எடுத்தார். "கொழும்புல நான் வரைஞ்சவ எதப் பாத்தும் சிரிக்கல. அதான் அவ மேல எனக்குப் பயம்," என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் குடித்திருக்கக் கூடாது. ஆனால் குடித்தேன்.

மனேஜர் வந்தார். நீண்ட நேரம் பார்த்தார், அவரும் சிரித்தார். கையை மட்டும் அழித்துவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் அக்கா. மனேஜருக்கும் வருத்தம்தான். மேலிடத்தில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், கொழும்பிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்று கைகொடுத்துவிட்டுப் போனார்.

நான் கீழே வந்து உட்கார்ந்தேன். இனிமேல் மாடியைப் பற்றி அக்காவிடம் சொல்லத்தான் வேண்டும் என்று வார்த்தைகளைக் கோர்த்துக்கொண்டிருந்தேன். என் கைதான் கண்முன்னே வந்து நின்றது. இத்தனை வருஷம் கண்ணாடி வெட்டியிருக்கிறேன், அந்த வலதுகைப் பெருவிரல் தழும்பு பிறை மாதிரி வளைந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா என்னிடம் கேட்கவில்லை, என் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. மாடியை நானாவுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொன்ன ஆளின் கை அது. அதை அவ்வளவு பொறுமையாக, ஒரு கீறல் விடாமல், கொஞ்சம்கூடக் கோபமில்லாமல் வரைந்திருந்தார். என் பெண்டாட்டிகூட அந்தக் கையை அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். எனக்கு அழுகை வந்தது, சொல்ல என்ன வெட்கம்.

அந்தப் படத்துக்கென்று, கடையில் இருந்ததிலேயே நல்ல தேக்குச் சட்டத்தை எடுத்து, அளந்து, வெட்டி வைத்தேன். பிறகு தெருவைத் தாண்டிப் போய், மாடியில் ஆள் இருக்கிறது, நீங்கள் வேறு இடம் பாருங்கள் என்று நானாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.